பதினெட்டாம் வாரத்துக்குள் மூட வேண்டியது

கிணத்துக்கடவுத் தோப்பில் மரத்துக்கு மரம் கை நீட்டிப் பிடித்து நடந்த என் துளசி அக்காவுக்கு,

பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். பயம் இல்லாத நாட்களில் உன்னை நான் பெரிதாக நினைத்ததில்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

நாளை காலை ஒன்பது மணிக்கு கோகிலாவுக்கு இரண்டாவது ஸ்கேன். கோகிலா என் மனைவி. உனக்கு அவளைத் தெரியாது. பவானிக்காரி. போன வைகாசியில் கல்யாணம் ஆனது. இப்போது வயிற்றில் குழந்தை. அந்தக் குழந்தையின் தலைக்குப் பின்பக்கம் மூட வேண்டிய ஓர் இடம் மூடியிருக்கிறதா என்று நாளைக்குப் பார்க்கப்போகிறார்கள். இதை யாராவது அச்சில் படிக்கும்போது எங்களுக்கு விடை தெரிந்திருக்கும். இப்போது தெரியாது.

எதற்கு அச்சில் என்று கேட்பாய். உன்னை இல்லை என்று சொன்னது நாலு பேர் முன்னால் வைத்துத்தான். அதனால் எழுதுவதும் நாலு பேர் பார்க்கத்தான் என்று தோன்றியது. கோகிலாவிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு வரியை அடித்தாள். மிச்சம் இருக்கட்டும் என்றாள்.

நான் இப்போது கோயமுத்தூரில், கணபதிப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் தரம் பார்க்கிற இன்ஜினியர். பம்பு செட்டுக்கு வார்க்கிற இரும்பு உறைகள் வரிசையாக வரும். பார்த்து, தட்டி, அளந்து, ஆகாததின் மேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட வேண்டும். ஓர் உறைக்கு அரை நிமிஷம் எனக்கு அதிகம். "சாரு கண்ணுல பட்டா பெருமாளே வந்தாலும் ரிஜெக்ட்டுதானுங்க" என்று அச்சு செய்கிற மோல்டர்கள் கிண்டல் செய்வார்கள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது முதல் ஸ்கேன். நானும் அம்மாவும் உள்ளே நின்றோம். அம்மாவை வெளியே உட்காரச் சொல்ல யாரால் முடியும்? ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்று சுவரில் போர்டு இருந்தது. அம்மா அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "கேட்டா என்ன, கடிச்சுப்போடுவாங்களா?" என்று என் காதில் சொன்னாள்.

டாக்டரம்மா பேசிக்கொண்டே ஸ்கேன் செய்தார். இது கை, இது முதுகெலும்பு, இது இதயம் துடிக்கிறது. தலைக்குப் போனதும் பேச்சு நின்றது. மெஷின் ஓடும்போது ஆபரேட்டர் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

"கடைசியாத் தூரமான தேதி உறுதிதானுங்களா?" என்று கேட்டார்.

அம்மா முந்திக்கொண்டாள். "ஆனி ஆறுங்க. நானே காலண்டர்ல சுழிச்சு வெச்சிருக்கறனுங்க. எங்கூட்டுல அதெல்லாம் தப்பாதுங்க."

"நீங்க சொல்லுங்க அம்மணி" என்று டாக்டர் கோகிலாவைப் பார்த்தார்.

கோகிலா மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டு, "அத்தை சொன்னதுதானுங்க" என்றாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "தேதியெல்லாம் சரிதானுங்க மேடம். விஷயத்தச் சொல்லுங்க."

சொன்னார். அந்தத் தேதிப்படி பத்தொன்பது வாரம் ஆகிவிட்டது. குழந்தையின் அளவோ பதினைந்து வாரத்துக்குத்தான் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. "சிறுமூளையோட ரெண்டு பாதியும் நடுவுல வந்து சேரோணும். பதினெட்டு வாரத்துக்குள்ள மூடியிருக்கோணும். இதுல தொறந்தே இருக்குது. வளர்ச்சியும் கம்மி, இதுவும் இப்படின்னா, ரெண்டும் சேர்ந்து வர்றது நல்லதுக்கில்லீங்க."

பிறகு திரையிலிருந்து கண்ணை எடுத்து எங்களைப் பார்த்துக் கேட்டார். "ரெண்டு குடும்பத்துலயும் யாருக்காச்சும் நடையில, பேச்சுல, மூளை வளர்ச்சியில குறை இருந்திருக்குதுங்களா?"

"அப்படியெல்லாம் ஆரும் இல்லீங்க" என்றாள் அம்மா.

ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட அவள் யோசிக்கவில்லை அக்கா. நான் பக்கத்தில்தான் நின்றேன். டாக்டர் என்னையும் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

இருபது வாரம் வரைக்கும்தான் சட்டம் கலைக்க அனுமதிக்கிறது. எங்கள் கணக்குப்படி ஒரு வாரம்கூட முழுதாக இல்லை. "முடிவு நான் சொல்ல மாட்டனுங்க. ரெண்டு பேரும் உக்காந்து பேசுங்க" என்றார் டாக்டரம்மா.

பேசவில்லை. உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்குப் போய் கரு வளர்ச்சி பற்றிய மருத்துவப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தேன். அட்டை இல்லாதது. யாரோ ஒரு மாணவன் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டிருந்தான். இரண்டு நாள் லீவு போட்டு அதையே படித்தேன். என் பயம் அப்படித்தான் வேலை செய்யும். புரிந்துவிட்டால் குறையும் என்று நினைத்தேன். குறையவில்லை.

நாலாம் வாரத்தில் மூளை என்பது ஒரு குழாய். நெல்மணி நீளம்கூட இல்லாத உடம்பில் ஒரு குழாய். அதன் முன்பகுதியில் மூன்று வீக்கங்கள். கடைசி வீக்கம்தான் பின்மூளை. குழாய் வளர வளர இடம் போதாமல் மடங்குகிறது. தோட்டத்து ரப்பர் ஹோஸை மடக்கினால் மடிந்த இடம் பக்கவாட்டில் பிதுங்கும் இல்லையா, அப்படிப் பிதுங்கி, அதன் கூரை மெலிந்து, சாய்சதுரமாக விரிந்துகொள்கிறது. இது எல்லோருக்கும் நடக்கிறது. எனக்கும் நடந்தது, அந்த டாக்டரம்மாவுக்கும் நடந்தது. பிறகு அந்த விரிப்பின் இரண்டு ஓரமும் உதடு மாதிரி தடித்து, நடுவை நோக்கி வளர்ந்து, மேலிருந்து கீழாக ஒன்றோடு ஒன்று சேர்கிறது. சேர்ந்து ஆனதுதான் சிறுமூளை. விழாமல் நிற்பது, நேராக நடப்பது, சொல்லைச் சிதறாமல் சொல்வது எல்லாம் அதன் பொறுப்பு. கடைசியாக மூடுவது நடுப்பகுதியின் அடிப்பக்கம்.

அது மூடாவிட்டால் என்ன ஆகும் என்று அடுத்த பக்கத்தில் படங்கள் போட்டிருந்தார்கள். கீழே இருக்கிற நீர் அறை பின்னால் பலூன் மாதிரி ஊதும். சிலருக்கு நீர் வடிகிற வழி அடைத்துக்கொண்டு தலை பெருக்கும். சிலருக்கு நடுப்பகுதி உருவாகவே உருவாகாது. பிறந்தவுடன் மூச்சு தாறுமாறாக ஓடும், கண் ஓரிடத்தில் நிற்காது. இன்னும் சில குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு கீழே மூடாமல் போய், பின்மூளை மண்டையோட்டு ஓட்டை வழியாகக் கழுத்துக்குள் இறங்கிவிடும். சிலரோ ஒரு தொந்தரவும் இல்லாமல் வயதாகும் வரை வாழ்ந்து, வேறு எதற்கோ படம் எடுக்கும்போதுதான் தெரியவருமாம். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

எங்கள் வார்ப்பில் கோல்டு ஷட் என்று ஒரு குறை உண்டு. உருகிய இரும்பு அச்சுக்குள் இரண்டு பக்கமாக ஓடி வந்து நடுவில் சந்திக்கும். சூடு குறைந்திருந்தால் தொட்டுக்கொள்ளும், ஒட்டாது. வெளியே தலைமுடி அளவுக்கு ஒரு கோடு தெரியும். அந்தக் கோட்டைக் கண்டால் நான் ரெண்டாவது தடவை பார்ப்பதில்லை.

மூன்றாம் நாள் காலையில் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். திங்கட்கிழமை அட்மிஷன் என்று எழுதச் சொன்னேன். கணவன் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். "உங்க சம்சாரம் வரலீங்களா? அவங்க கையெழுத்துதான் முக்கியம்" என்றார் நர்ஸ். "போடுவாங்க" என்றேன். அரை நிமிஷம் ஆகியிருக்குமா? ஆகியிருக்காது.

கோகிலா சம்மதிக்கவில்லை. அழவும் இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பதில் மட்டும் சொல்லவில்லை. சனிக்கிழமை மத்தியானம் அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து அவளை உட்கார வைத்தேன். அப்போதுதான் அக்கா, உன்னை வெளியே எடுத்தேன்.

கல்யாணம் பேசும்போது அம்மா அவர்களிடம் சொன்னது இவ்வளவுதான்: மூத்தது ஒன்று இருந்தது, காய்ச்சலில் போய்விட்டது. கோகிலாவுக்கும் அவ்வளவுதான் தெரியும். நான் மிச்சத்தைச் சொன்னேன். எதற்குச் சொன்னேன் தெரியுமா? அவளை வழிக்குக் கொண்டுவர. குழந்தை வேண்டாம் என்பதற்கு ஆதாரமாக உன்னைக் காட்டினேன். ஆறு வயதில்தான் நடந்தாள். கண்மணி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு டம்ளர் தண்ணி குடித்தால் பாதி சட்டையில். பேச்சு ஒவ்வொரு எழுத்தாக உடைந்து வரும். ஊரே குடிகாரி நடை என்று சிரிக்கும். இருபத்திரண்டில் செத்துப்போனாள். ஃபவுண்டரியில் குறைப் பட்டியல் வாசிக்கிற அதே குரலில் வாசித்தேன்.

கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "இத்தன நாளா ஏனுங்க சொல்லல?" என்றாள்.

"ஆரும் கேக்கல."

"டாக்டர் கேட்டாங்களே."

நான் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"உங்க அக்கா சிரிப்பாங்களா?" என்று கேட்டாள்.

இதென்ன கேள்வி என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் வாய் தானாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒருதடவை பொள்ளாச்சி பஸ்ஸில் போகும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப்பக்கம் அந்தப்பக்கம் சாய்கிற சனத்தைக் காட்டி நீ சொன்னாயே, "பாருடா கண்ணு, பஸ்ஸுக்குள்ள வந்தா எல்லாரும் நம்ம கூட்டந்தான்" என்று, அதைச் சொன்னேன். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் அம்மா உன்னைக் கிணற்று மோட்டார் ரூமில் கொண்டுபோய் உட்கார வைப்பாள். அவர்கள் போன பிறகு நான்தான் கூட்டிவர வருவேன். "உள்ள ரெண்டு பல்லி இருக்குதுடா. ஒண்ணு அச்சு அசலா உன்னாட்டவே. ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குது" என்பாய். அதையும் சொன்னேன். தோப்பில் ஒரு தென்னையைக் கட்டிப் பிடித்து, அடுத்த தென்னையைக் குறி பார்த்து, ஒரே பாய்ச்சலாகப் போய் அதைப் பிடிப்பாய். விழுந்தால் நடுவில் கிடந்தபடியே எத்தனையாவது மரம் என்று கத்துவாய். அதைச் சொல்லும்போது கோகிலா சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அழ ஆரம்பித்தாள்.

கடைசி மூன்று நாளையும் சொன்னேன். தலைவலி என்றாய், வாந்தி எடுத்தாய். எனக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. "சும்மா மொனகாத, படிக்க முடியல" என்று கத்தினேன். "செரி கண்ணு" என்று சொல்லிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளி ரூமுக்குப் போனாய். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனாய். மூன்றாம் நாள் எழுந்திருக்கவில்லை. மூளைக் காய்ச்சல் என்றார்கள். இப்போது இந்தப் புத்தகத்தில், வழி அடைத்துக்கொண்ட நீர் மூளையை அழுத்தினால் முதலில் தலைவலியும் வாந்தியும்தான் வரும் என்று போட்டிருக்கிறது. ஒரு மெல்லிய குழாய் வைத்து நீரை வயிற்றுக்கு இறக்கிவிட்டால் பிழைக்கிறவர்கள் உண்டாம். உனக்கு இருந்தது இதுதானா அக்கா? யாரும் உன் தலையைப் படம் எடுத்ததில்லை. நான் ஊகம்தான் செய்கிறேன். ஆனால் மொனகாதே என்று சொன்னது ஊகம் இல்லை.

சொல்லி முடித்தபோது என் ஆதாரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கோகிலா முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நானும் ஒண்ணு சொல்லோணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"ஆடியில எங்கூட்டுல இருந்தப்ப நான் ஒருக்காத் தூரமானனுங்க. மூணாந்தேதி."

எனக்கு உடனே பிடிபடவில்லை. உனக்குத் தெரியும், கல்யாணமான முதல் ஆடிக்குப் பெண்ணைப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். ஆடியில் தங்கினால் சித்திரையில் பிறக்கும், சித்திரைப் பிள்ளை குடிக்கு ஆகாது என்று பேச்சு. கோகிலாவும் ஆடி ஒன்றாம் தேதியே பவானிக்குப் போய்விட்டாள். ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அவள் வீட்டில் எல்லோரும் கூடுதுறைக்கு ஆற்றுக்குப் போக, அவள் தலைவலி என்று வீட்டிலேயே இருந்துகொண்டாள். நான் ஈரோட்டில் ஒரு பார்ட்டியைப் பார்க்க வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஈரோட்டில் இறங்கவே இல்லை.

"அப்பறம் ஏன் ஆனி ஆறுன்னு சொன்ன?"

"நான் எங்கீங்க சொன்னேன்? அத்தைதான் சொன்னாங்க. ஆனியில நான் தனியா உக்காந்தது அவங்களுக்குத் தெரியும். ஆடியில ஆனது தெரியாது. அதச் சொன்னா வெரல விட்டு எண்ணிப்போட மாட்டாங்களா? எங்கம்மாளும் வாயத் தொறக்காத கண்ணுன்னு சொல்லிப்போட்டாங்க. ஒரு மாசம் தள்ளிப் பொறந்தா, தலைச்சன் தாமசமாத்தான் வரும்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"டாக்டர் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்."

"வளர்ச்சி கம்மின்னப்ப, ஒரு மாசம் கம்மிதானே, அதான் சிறுசா இருக்குதுன்னு எனக்கு நெஞ்சுக்குள்ள நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்பறம் தலையில தொறந்திருக்குதுன்னாங்க. அதுக்கும் தேதிக்கும் என்னங்க சம்பந்தம்?"

இரண்டு நாள் புத்தகத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தவன் நான். அந்தச் சம்பந்தம் எனக்குத் தெரியும். காலண்டரை ஆணியிலிருந்து இழுத்தேன். ஆடி மூன்றிலிருந்து எண்ணினேன். ஸ்கேன் எடுத்த அன்றைக்குப் பதினைந்து வாரம். மெஷின் என்ன சொன்னதோ அதே பதினைந்து. பதினைந்து வாரத்தில் அந்த இடம் எல்லாக் குழந்தைக்கும் திறந்துதான் இருக்கும்.

அளவுகோல் சரியா என்று பார்க்காமல் ஓர் உறையைத் தள்ளினால் ஃபவுண்டரியில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஆடிப் பதினெட்டுக்கு அந்த வீட்டில் இருந்தவன் நான். எண்ணிப் பார்த்திருக்க எனக்கு என்ன கேடு? அது பொம்பளைகள் கணக்கு என்று விட்டுவிட்டேன். அவள் இன்னும் ரெண்டு நாள் பேசாமல் இருந்து, திங்கட்கிழமை வந்திருந்தால்?

அன்றைக்குச் சாயங்காலமே டாக்டரம்மாவிடம் ஓடினோம். வாரம் கணக்குப் பார்க்கிற ஒரு சின்ன அட்டைச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தார். அளவு சரியாகப் பொருந்துகிறது என்றார். பிறகு சக்கரத்தை மேஜையில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு தடவ கேட்டனா இல்லீங்களா? மூணு பேரும் சேர்ந்து தலையாட்டுனீங்க. நீங்க இன்ஜினியரு வேற."

என் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். "நீங்களே கிழிங்க." கிழித்தேன்.

"உடனே சந்தோசப்பட்டுக்காதீங்க. பதினஞ்சு வாரத்துல தொறந்திருக்கறது இயல்பு. ஆனா மூடியே தீரும்னு நான் எழுதித் தர முடியாது. நாலு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் மூடலீன்னா, உங்க முடிவுக்கு மூணு நாள் மிச்சம் இருக்கும்." எழுதிக்கொண்டே தலையைத் தூக்காமல் கேட்டார். "வேற ஏதாச்சும் மறைச்சிருக்கீங்களா?"

கோகிலா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றேன்.

முதல் தடவை சொன்னது அம்மா. இந்தத் தடவை நான். அம்மா பக்கத்தில்கூட இல்லை, சாக்குச் சொல்ல. தேதி எங்களுக்கு நல்ல சேதி, அதை ஓடிப்போய்ச் சொன்னேன். உன் பெயரைச் சொன்னால் அந்த டாக்டரம்மாவின் முகம் மாறிவிடும். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. நேருக்கு நேர் பேசுகிறவன் என்று எனக்குப் பெயர். யார் வைத்தார்களோ.

காந்திபுரத்துக்குப் பஸ் ஏறினோம். இறங்கும்போது கோகிலா, "உங்க அக்கா இருந்திருந்தா இப்ப உங்கள என்ன சொல்லியிருப்பாங்க?" என்றாள். என்ன சொல்லியிருப்பாய் அக்கா? திட்டியிருப்பாயா, இல்லை செரி கண்ணு என்று போயிருப்பாயா?

அம்மாவிடம் தேதி விஷயத்தைச் சொல்லித்தானே ஆக வேண்டும். சொன்னேன். "சித்திரையிலயா" என்று அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஈரோட்டுப் பார்ட்டி யார் என்பது புரிய அவளுக்கு அரை நிமிஷம் ஆனது. "பார்ட்டி நல்லா ஆர்டர் குடுத்திருக்குது போ" என்றாள். கோகிலா சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

அவள் போன பிறகு கேட்டேன். "துளசியை ஏம்மா இல்லேன்னு சொன்ன?"

சண்டைக்குத் தயாராகத்தான் கேட்டேன். ஊர் வாய், உறவு, சம்பந்தி என்று ஏதாவது சொல்வாள், பதிலுக்கு நானும் கத்தலாம் என்று. அம்மா என்னைப் பார்க்கவில்லை. "இருந்தான்னு சொன்னா, அந்தப் புள்ளையவும் வேண்டாம்னு எடுத்துப்போடச் சொல்லுவாங்கன்னு பயந்துட்டேன் சாமி" என்றாள். பிறகு, "ஒண்ண வளத்துனவதான நானு. இன்னொண்ண வளத்தத் தெரியாதா எனக்கு?" என்றாள்.

அக்கா, அவள் உன்னை மறைத்தது அந்தக் குழந்தை பிழைக்கட்டும் என்று. நான் உன்னை வெளியே எடுத்தது அது வேண்டாம் என்று சொல்ல. இதில் எது உனக்குச் செய்த துரோகம்? நாலு வாரமாக யோசிக்கிறேன்.

இந்த நாலு வாரமும் வேலையில் என் கை ஓடவில்லை. உறையைக் கையில் எடுத்தால் கீழே வைக்க முடியவில்லை. திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். "சாருக்குக் கண்ணுல புரை உளுந்துருச்சாட்ட" என்கிறார்கள். கோகிலாவுக்குப் போன வாரம் குழந்தை அசைவது தெரிய ஆரம்பித்துவிட்டது. என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை எடுத்துவிட்டேன். தெரிந்துவிடுமோ என்று பயம்.

இன்னொரு பயத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பாவும் அம்மாவும் அத்தை மகன், மாமன் மகள். நெருங்கிய சொந்தத்தில் கட்டினால் சில குறைகள் இறங்கும் என்கிறது புத்தகம். கோகிலா எங்களுக்குச் சொந்தமில்லை. அதனால் ஒன்றும் இருக்காது என்று ஒரு நாள் கணக்குப் போடுகிறேன். அடுத்த நாள் அதே கணக்கில் ஓட்டை தெரிகிறது. இதைச் சரியாகச் சொல்லக் கூடியவர் அந்த டாக்டர் ஒருவர்தான். அவரிடம்தான் நான் இல்லீங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

நாளைக்கு மூடியிருந்தால் நல்லது. மூடியிருந்தாலும் மெஷினுக்குத் தெரியாதது ஆயிரம் இருக்கும். சித்திரை வரை பயந்துகொண்டேதான் இருப்பேன். மூடாமல் இருந்தால் மூன்று நாள். பெற்றுக்கொள்வேன் என்று கோகிலா முடிவு செய்துவிட்டாள். வளர்த்துவேன் என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். முடிவு செய்யாதவன் வீட்டில் நான் ஒருவன்தான். உன் மாதிரி ஒரு பிள்ளையை நான் சுமப்பேனா? மொனகாதே என்று அதனிடமும் கத்துவேனா? சுமப்பேன் என்று இங்கே எழுதிவிடலாம், படிக்கிறவர்களுக்கும் நன்றாக இருக்கும். எனக்குத் தெரியாது அக்கா. தெரியாததை எழுத மாட்டேன்.

தெரிந்த ஒன்றைச் சத்தியமாகச் சொல்கிறேன். நாளைக்கு அந்த ரூமுக்குள் போனதும், வயிற்றில் ஜெல்லைத் தடவுவதற்கு முன்னால், அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நானே சொல்வேன். எனக்கு ஓர் அக்கா இருந்தாள். பெயர் துளசிமணி. ஆறு வயதில் நடந்தாள், இருபத்திரண்டு வயதில் போனாள், நடுவில் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள். எல்லாவற்றையும் சொல்வேன், தலைவலியையும் சேர்த்து. முகம் மாறினால் மாறட்டும், பார்த்துக்கொண்டு நிற்பேன். அதற்குப் பிறகு கையெழுத்து என்று ஒன்று வந்தால், கோகிலா பேசி முடிக்கிறவரை பேனாவைத் தொடமாட்டேன். அவள் பேச எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி.

உன்னோடு பிறந்தவன் என்று நாளையிலிருந்து கேட்கிற இடத்திலெல்லாம் சொல்லப்போகிற

உன் தம்பி,
சண்முகம்